இருநூறு தாய் ஈக்கள்

1975ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தெற்கு ஆமெர்ஸ்ட் என்ற இடத்தில் ஃபிலிப் ஐவ்ஸ் ஈ பிடித்தார். அவருக்கு அது புதிய வேலையே இல்லை. ஆமெர்ஸ்ட் கல்லூரியில் இருந்துகொண்டு, அந்த வட்டாரத்துப் பழ ஈக்களைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்து, அவற்றின் மரபுக்குள் ஒளிந்துகிடக்கும் குறைகளைக் கணக்கெடுத்து வந்தவர் அவர். அந்த ஆண்டு பிடித்தவற்றில் கருவுற்ற பெண் ஈக்கள் இருநூறின் சந்ததி மட்டும் தனி வழியில் பயணப்பட்டது. அந்த வம்சம் இன்னும் அற்றுப்போகவில்லை. அதன் ஒரு கிளை பெங்களூருக்கு வடக்கே ஜக்கூரில், வாழைப்பழமும் வெல்லமும் கலந்த கூழைத் தின்று வளர்கிறது.

பழ ஈ என்றதும் மாம்பழத்துக்குள் முட்டையிட்டுப் புழு வைக்கிற ஈயை நினைத்துவிட வேண்டாம். தோப்புக்காரர்கள் திட்டுவது அதை. அது வேறு குடும்பம். இது, வாழைப்பழத் தோல் கறுக்கத் தொடங்கியதும் எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் தட்டைச் சுற்றி வட்டமிடுகிற, எள்ளளவு உடம்பும் சிவந்த கண்ணும் கொண்ட ஈ. புளித்துப்போகும் பழத்தில் வளரும் ஈஸ்ட்தான் இதற்கு இரை. அறிவியல் பெயர் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். முதல் சொல்லுக்குப் பனித்துளியை விரும்புவது என்று பொருள், இரண்டாவதற்குக் கருவயிறு. ஆப்பிரிக்காவில் தோன்றிய இனம். மனிதனின் பழக்கூடையை ஒட்டிக்கொண்டே உலகம் முழுக்கப் பரவி, 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவை எட்டியது. 1910ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் பால் புட்டியொன்றில் வெள்ளைக் கண்ணோடு ஒரு ஈ தென்பட்டதும், அதிலிருந்து மரபியல் தழைத்ததும் பலரும் அறிந்த கதை.

ஐவ்ஸின் ஈக்களுக்கு அப்படி எந்த விசேஷ அடையாளமும் கிடையாது. எல்லாம் சிவப்புக் கண், எல்லாம் சாதாரணச் சிறகு. அவற்றின் மதிப்பு அவற்றின் எண்ணிக்கையில் இருந்தது. பெண் ஈ ஒருமுறை இணைசேர்ந்தால் ஆணின் விந்தைத் தன் உடலுக்குள் பல நாள் சேமித்து வைத்திருக்கும். ஆகவே இருநூறு தாய்களைப் பிடித்தவர் தகப்பன்களின் மரபையும் சேர்த்தே பிடித்துவிட்டார். ஒரு ஊரின் ஈக்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளில் பெரும்பகுதி, சீக்கிரம் வளர்வது, மெல்ல வளர்வது, பட்டினி தாங்குவது, தாங்காதது எல்லாம், அந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இனி வரும் ஐம்பது ஆண்டுச் சோதனைகளுக்கும் அதுதான் விதைநெல்.

முதல் பயணம் கடல் தாண்டி. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிரையன் சார்ல்ஸ்வொர்த்தின் ஆய்வகத்துக்கு அந்த வம்சம் போனது. ஐவ்ஸின் பெயரைச் சுருக்கி அதற்கு ஐவி என்று பெயர் வைத்தார்கள். அங்கே அதற்குக் கிடைத்த வாழ்க்கை, தோட்டத்து வாழ்க்கைக்கு எந்த விதத்திலும் ஒப்பில்லாதது. இரவு கிடையாது; விளக்கு அணைவதே இல்லை. குளிர்காலம் கிடையாது. பதினான்கு நாளுக்கு ஒரு தலைமுறை: முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ, மறுபடி முட்டை. பதினான்காம் நாள் முட்டையிட்ட ஈயின் வாரிசு மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். அதற்குப் பிறகு அந்தத் தாய் வாழ்ந்தாலும் செத்தாலும் வம்சத்துக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடைசி வரியில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. உயிர்கள் ஏன் மூப்படைகின்றன? பீட்டர் மெடவார், ஜார்ஜ் வில்லியம்ஸ், வில்லியம் ஹாமில்டன் என மூவர் 1950களிலும் 60களிலும் இதற்கு ஒரு விடையைப் படிப்படியாகக் கட்டினார்கள். இயற்கைத் தேர்வு, பிள்ளை பெறும் வயதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது. வயது ஏற ஏற அதன் பார்வை மங்குகிறது. இளமையில் உடலைக் கெடுக்கும் மரபுக்கூறு தன்னைச் சுமப்பவனோடு அழிந்துவிடும். கிழப்பருவத்தில் கெடுக்கும் கூறோ, அதற்குள் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். இளமையில் நன்மை செய்து முதுமையில் பழிவாங்கும் கூறு என்றால் இன்னும் வசதி. தேர்வே அதை வளர்த்துவிடும்.

காகிதத்தில் அழகான கணக்கு. உயிருள்ள ஒன்றிடம் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டாமா? 1970களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து சசெக்ஸுக்கு முனைவர் பட்டத்துக்கு வந்த மைக்கேல் ரோஸ் என்ற இளைஞர், ஐவி ஈக்களிடம் கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் எந்தக் கருவியும் இல்லை, மருந்தும் இல்லை. இளம் தாய்களின் முட்டைகளைக் கொட்டிவிட வேண்டும். வயதான தாய்களின் முட்டைகளை மட்டும் வளர்க்க வேண்டும். அவ்வளவுதான். வயதாகும் வரை உயிரோடு இருந்து, அப்போதும் முட்டையிடத் தெம்புள்ள ஈக்களுக்கே சந்ததி. இயற்கைத் தேர்வின் மங்கிய பார்வையை முதுமையின் பக்கம் திருப்பிவிடுகிற காரியம் இது. தேர்வுதான் மூப்பைத் தீர்மானிக்கிறது என்றால், சில தலைமுறைகளில் ஆயுள் நீள வேண்டும்.

முதல் முடிவுகள் 1980ல் நேச்சர் இதழில் வந்தன. அதே ஆண்டு ரோஸ் ஐவியிலிருந்து பத்துக் கூட்டங்களைப் பிரித்தெடுத்தார். ஐந்துக்கு பி என்று பெயர். பழையபடி இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை. ஐந்துக்கு ஓ என்று பெயர். இவற்றின் முட்டை எடுக்கும் நாளைத் தலைமுறைக்குத் தலைமுறை தள்ளித் தள்ளிக் கடைசியில் பத்து வாரத்தில் நிறுத்தினார்.

ஏன் ஐந்தைந்து என்பதைச் சொல்லாமல் போனால் இந்தத் துறையின் நேர்மையைச் சொல்லாமல் போவதாகிவிடும். ஒரே ஒரு கூட்டத்தை வளர்த்து, அதன் ஆயுள் நீண்டதென்றால், அது தேர்வால் நீண்டதா தற்செயலாக நீண்டதா என்று பிரிக்க முடியாது. சிறிய கூட்டத்தில் தற்செயலும் மரபை மாற்றும். ஒரு ஈ ஈரக் கூழில் ஒட்டிச் செத்தால் அதன் மரபும் அதோடு போயிற்று. ஆனால் தற்செயல் ஐந்து வீடுகளிலும் ஒரே பக்கமாகத் தள்ளாது. ஐந்து ஓ கூட்டங்களும் ஐந்து பி கூட்டங்களைவிட ஒரே திசையில் விலகினால், தள்ளிய கை எதுவென்று சொல்லிவிடலாம். ஐந்தும் விலகின. 1984ல் ரோஸ் அதை விரிவாக வெளியிட்டார். ஓ ஈக்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. அதே ஆண்டு, வேறு ஈக்களை வைத்துத் தனியே வேலை செய்த லியோ லக்கின்பில் குழுவினரும் அதே விடையோடு வந்து நின்றார்கள்.

ஆயுளோடு கூடவே வேறு சிலவும் வந்தன, யாரும் கேட்காமலே. ஓ ஈக்கள் பட்டினியைக் கூடுதலாகத் தாங்கின. தண்ணீர் இல்லாத வறட்சியையும் தாங்கின. இளமையில் மட்டும் பி ஈக்களைவிடக் குறைவாக முட்டையிட்டன. வில்லியம்ஸ் சொன்ன கொடுக்கல் வாங்கல் இதோ என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டன.

இந்த இடத்தில் கதை கொஞ்சம் திரும்புகிறது. ரோஸ் 1981ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் டல்ஹௌசி பல்கலைக்கழகத்துக்கும், 1987ல் தெற்குக் கலிஃபோர்னியாவின் அர்வைனுக்கும் மாறினார். அவர் போன இடமெல்லாம் வம்சமும் போனது. ஆண்டுகள் கழித்து அதே பி, ஓ கூட்டங்களை மறுபடி அளந்தபோது, அந்தப் பேர்பெற்ற கொடுக்கல் வாங்கலைக் காணோம். ஓ ஈக்கள் இளமையிலும் பி ஈக்களுக்குக் குறையாமல் முட்டையிட்டன. 1994ல் அர்மாண்ட் லெரோய், ஆடம் சிப்பிண்டேல், ரோஸ் மூவரும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: அளக்கும் முறையும் வளர்க்கும் முறையும் ஒன்றிலிருந்து ஒன்று சிறிது விலகியிருந்தன. ஈக்கு எவ்வளவு ஈஸ்ட் வைக்கிறோம் என்பது போன்ற, குறிப்பேட்டில் கால் வரியில் முடிகிற விஷயங்கள், யார் அதிகம் முட்டையிடுவார் என்பதையே தலைகீழாக்கிவிடும் வலிமை கொண்டிருந்தன. தங்கள் புகழ்பெற்ற முடிவுக்குத் தாங்களே கேள்வி வைத்து அதையும் அச்சில் ஏற்றியவர்களை நான் மதிக்கிறேன்.

எனக்கு இந்த வம்சத்தின் மேல் பற்று வந்ததும் இந்தக் கட்டத்தில்தான். ஆய்வகம் என்றால் வெளி உலகத்தின் தூசு படாத, எங்கும் ஒரே மாதிரியான இடம் என்று நினைத்திருந்தேன். ஈக்கு அப்படி இல்லை. ஈக்கு ஆய்வகமும் ஓர் ஊர்தான். அங்கேயும் ஒரு சாப்பாடு உண்டு, ஒரு தட்பவெப்பம் உண்டு, என்றைக்கு எது நடக்கும் என்ற வழக்கம் உண்டு. ஊர் மாறினால் ஈயின் உடம்பு அதை எழுதி வைத்துக்கொள்கிறது.

அர்வைனில் அந்த எழுத்தை அழித்துப் பார்க்கவும் முயன்றார்கள். என்ரிக்கே தியோத்தோனியோவும் ரோஸும், ஐவியிலிருந்து கிளைத்துப் பல ஆண்டு வெவ்வேறு வழிகளில் போன கூட்டங்களை எடுத்து, அவற்றைத் திரும்பவும் ஐவியின் பழைய பதினான்கு நாள் வாழ்க்கைக்குள் ஐம்பது தலைமுறை வைத்தார்கள். 2000ல் வந்த முடிவு ஒரே சொல்லில் அடங்கவில்லை. சில குணங்கள் முழுதாகப் பழைய நிலைக்கு வந்தன. சில பாதி வழியில் நின்றுவிட்டன. சில கூட்டங்கள் திரும்பின, சில திரும்பவில்லை. எந்தப் பாதையில் போய்வந்தாய் என்பதைப் பொறுத்தது. பல பத்தாண்டு வெளியூரில் இருந்துவிட்டுச் சொந்த ஊர் திரும்பியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மொழி ஒருவருக்குத் திரும்பி வரும், நடை வராது.

2010ல் மாலி பர்க், அந்தோனி லாங், ரோஸ் முதலியோர் மரபணுத் தொகுதியையே படித்துப் பார்த்தார்கள். அறுநூறு தலைமுறைக்கு மேல் சீக்கிர வளர்ச்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டங்கள் அவை; ஈயாகும் வரையான காலத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டவை. எதிர்பார்த்தது என்னவென்றால், வெற்றி பெற்ற மரபுக்கூறு கூட்டம் முழுவதையும் ஆக்கிரமித்து, எதிர்க்கூறு அடியோடு அற்றுப்போயிருக்கும் என்பது. அப்படி ஓரிடத்தைக்கூட அவர்கள் காணவில்லை. மரபணுத் தொகுதியின் பற்பல இடங்களில் விகிதம் மாறியிருந்தது. ஆனால் தோற்ற கூறுகளும் ஓரமாக உயிரோடு இருந்தன. தெற்கு ஆமெர்ஸ்ட்டிலிருந்து கொண்டுவந்த சேமிப்பை இந்த வம்சம் அறுநூறு தலைமுறையிலும் செலவழித்துத் தீர்க்கவில்லை. திரும்பி வர முடிந்தவை திரும்பியதன் ரகசியமும் ஓரளவு அங்கேதான் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரோஸ் அர்வைனுக்கு வந்த மறு ஆண்டு, 1988 பிப்ரவரியில், அதே வளாகத்தில் ரிச்சர்ட் லென்ஸ்கி ஈ.கோலி பாக்டீரியாவைப் பன்னிரண்டு குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். இன்று பரிணாமச் சோதனை என்றால் முதலில் பேசப்படுவது அதுதான். பாக்டீரியாவுக்கு ஒரு வசதி இருக்கிறது: உறையவைத்து வைக்கலாம். ஐந்நூறு தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறைபெட்டியில் போட்டுவிட்டால், முப்பது ஆண்டு கழித்து மூதாதையை எழுப்பிப் பேரனோடு போட்டிக்கு விடலாம். ஆய்வகத்தில் ஒரு விபத்து நடந்தாலும் பழைய புட்டியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

ஈக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈ முட்டையை உறையவைத்து மீட்கும் முறைகள் உண்டென்றாலும் அன்றாடப் புழக்கத்துக்கு வரவில்லை. ஒரு ஈக்கூட்டம் இருக்க வேண்டுமென்றால் அது இப்போது, இந்த வாரம், உயிரோடு இருக்க வேண்டும். யாரோ ஒருவர் கூழ் காய்ச்ச வேண்டும், யாரோ ஒருவர் முட்டையை எண்ண வேண்டும். தீபாவளிக்கும் விடுமுறையில்லை, கிறிஸ்துமஸுக்கும் இல்லை. 1975லிருந்து இந்த வம்சத்தின் சங்கிலியில் எத்தனை மாணவர்கள், எத்தனை உதவியாளர்கள் கண்ணி கோத்தார்கள் என்று யாரும் பட்டியல் வைத்திருக்கப் போவதில்லை. கட்டுரைகளின் கடைசியில் நன்றி கூறும் இரண்டு வரியில் சிலர் பெயர் வரும், பலர் பெயர் வராது. ஒரே ஒரு சுற்றுத் தவறியிருந்தாலும் இவ்வளவும் போயிருக்கும். கோயில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் முறைகாரர்களைப் போல, தன் முறை வந்தபோது தவறவிடாத அத்தனை பேரையும் நினைத்துப் பார்க்கிறேன்.

அர்வைனில் ரோஸின் பக்கத்திலேயே லாரன்ஸ் மியூலரின் ஆய்வகம் இருந்தது. அவருடைய கேள்வி வேறு: நெரிசலில் வாழ்ந்தால் என்ன ஆகும்? ரோஸின் பி கூட்டங்களிலிருந்து அவர் புதிய கிளைகளைப் பிரித்தார். யூயூ என்ற கிளைக்குப் புழுப் பருவத்திலும் ஈப் பருவத்திலும் தாராளமாக இடம். சியூ என்ற கிளைக்குப் புழுப் பருவத்தில் கடும் நெரிசல். ஒரு குப்பியில் அளவுக்கு மீறிய முட்டைகள், உணவு பற்றாது, புழுக்கள் கழிக்கும் அம்மோனியா அதே உணவிலேயே சேர்ந்துகொண்டே போகும். அமிதாப் ஜோஷி என்ற இந்திய இளைஞர் அப்போது மியூலரோடு வேலை செய்தார். ஈப் புழு தின்பதை எண்ணிவிடலாம். வாய்க்கொக்கியை நீட்டி இழுத்து நீட்டி இழுத்துத்தான் அது தின்னும், ஒரு நிமிடத்தில் எத்தனை இழுப்பு என்று நுண்ணோக்கியின் கீழே பார்த்து எண்ண வேண்டும். சியூ புழுக்கள் வேகமாக இழுத்தன. அம்மோனியாவைத் தாங்கின. ஆனால் ஒரு ஈயாக ஆவதற்கு அவற்றுக்குக் கூடுதல் உணவு தேவைப்பட்டது. பந்தியில் அவசர அவசரமாக அள்ளுபவனுக்கு இலையில் சிந்துவதும் அதிகம்.

1996ல் ஜோஷி பெங்களூருக்கு வந்து ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். யூயூ கிளையின் சந்ததியும் ஜக்கூர் வந்து சேர்ந்தது. இங்கே அதற்கு ஜேபி என்று பெயர். ஜேபி ஒன்று முதல் நான்கு வரை. மாசசூசெட்ஸ் தோட்டத்து வம்சத்துக்கு இது நான்காவதோ ஐந்தாவதோ ஊர்.

அர்வைனில் வாழைப்பழத்தோடு மொலாசஸ் கலந்து கொடுத்தார்கள். இங்கே வாழைப்பழம், வெல்லம், பார்லி மாவு, ஈஸ்ட். கட்டியாக நிற்க அகர். வெப்பம் 25 பாகை, காற்றில் ஈரம் 90 சதவீதத்தை ஒட்டி, விளக்கு எப்போதும் எரியும். கண்ணாடிக் குப்பியில் ஆறு மில்லி கூழ், அதில் அறுபதிலிருந்து எண்பது முட்டை. இப்படி ஒரு கூட்டத்துக்கு நாற்பது குப்பிகள். பன்னிரண்டாம் நாளுக்குள் ஏறக்குறைய எல்லா ஈக்களும் வெளிவந்துவிடும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு நாள் புதிய குப்பிக்கு மாற்றம். பதினெட்டாம் நாள் நாற்பது குப்பி ஈக்களையும் ஒரே கூண்டில் விட்டு, ஈஸ்ட் குழைத்த விருந்து. இருபத்தோராம் நாள் புதிய கூழ்த்தட்டை உள்ளே வைத்து அதில் இட்ட முட்டைகளை எடுத்து எண்ணிப் புதுக் குப்பிகளுக்கு. ஆண்டுக்குப் பதினேழு தலைமுறை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆயிரத்து எண்ணூறு ஈக்கள் அளவுக்கு.

ஜேபியிலிருந்து இங்கேயும் கிளைகள் பிரிந்தன. அவற்றுள் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று நெரிசல் கிளை. அர்வைனில் செய்த அதே சோதனையை அதே வம்சத்தில் இங்கே மறுபடி செய்தார்கள்; ஆனால் நெரிசலின் அமைப்பு வேறு. எம்சியூ என்ற இந்தக் கூட்டங்களின் குப்பியில் ஒன்றரை மில்லி கூழ்தான். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். புழுக்கள் போட்டியில் வல்லவை ஆயின. அதில் அர்வைன் சொன்னது சரி. வாய்க்கொக்கி மட்டும் வேகம் எடுக்கவில்லை. அம்மோனியா தாங்கும் திறனும் கூடவில்லை. அவை தேர்ந்துகொண்டது வேறு வழி: சீக்கிரம் வளர்ந்து, தின்றதைச் சிக்கனமாக உடம்பாக மாற்றி, உணவு தீர்வதற்குள் காரியத்தை முடிப்பது. 2016ல் மனஸ்வினி சாரங்கி, ஜோஷி முதலியோர் இதை வெளியிட்டார்கள். நெரிசல் வந்தால் வேகமாகத் தின்னும் புழுவே வெல்லும் என்பது அதுவரை இந்தத் துறையில் விதிபோல நின்றிருந்தது. குப்பியில் எவ்வளவு முட்டை, எவ்வளவு கூழ் என்ற விவரம் மாறியதும் விதியும் மாறிவிட்டது. நெரிசல் என்ற சொல் ஒன்றே. இரண்டு ஊரில் அதற்கு இரண்டு பொருள். மனிதரைப் பற்றிய புள்ளிவிவரங்களில் நெருக்கடி, பற்றாக்குறை போன்ற சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஒன்றரை மில்லி நினைவுக்கு வருகிறது.

இன்னொரு கிளை எஃப்இஜே. ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டை உடைத்து முதலில் வெளிவரும் சிறு பங்கு ஈக்கள் மட்டுமே பெற்றோராகலாம். அவையும் உடனே முட்டையிட்டாக வேண்டும். ஓ ஈக்களுக்கு ரோஸ் விதித்ததற்கு நேர் எதிரான விதி. சில நூறு தலைமுறைகளில் இவை சின்னஞ்சிறு ஈக்களாகிவிட்டன. வளரும் நாளைக் குறைத்ததற்கு உடம்பைக் கொடுத்தன. புழுப் பருவத்தில் இறப்பும் கூடியது. பிறகு 2012ல் ஷம்பா கோஷும் ஜோஷியும் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள், அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தக் குட்டி ஆண்கள் ஜேபி பெண்களோடு இணைசேர்வதில் தோற்றன. குட்டிப் பெண்கள் பெரிய ஜேபி ஆண்களோடு சேர்ந்தால் அதிகமாகச் செத்தன. யாரும் அவற்றைப் பிரிக்க நினைக்கவில்லை. சீக்கிரம் வளர் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஒரே தோட்டத்து இருநூறு தாய்களின் பேத்திகளுக்கும் பேரன்களுக்கும் நடுவே, ஒரே கட்டடத்துக்குள், சம்பந்தம் கசக்கத் தொடங்கியிருந்தது. புதிய இனம் பிறந்துவிட்டது என்று ஆசிரியர்கள் சொல்லவில்லை. இனம் பிரிவதற்கான முதல் விரிசல் என்றார்கள். டார்வின் ஊகித்துத்தான் எழுத வேண்டியிருந்த ஒன்றை, வாழைப்பழக் கூழுக்கு நடுவே உட்கார்ந்து இவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்.

இவ்வளவு தூரம் ஊருக்கு ஊர் மாறிய வம்சம், ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் கண்டுபிடித்ததில் மதுரைக்கும் பங்குண்டு.

எம்.கே. சந்திரசேகரன், உயிர்களின் உட்கடிகாரத்தை ஆராய்ந்தவர். ஜெர்மனியின் டூபிங்கனில் ஈக்களிலும், பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அந்தப் பக்கத்துக் குகை வௌவால்களிலும் நேரத்தைத் தேடினார். சூரியனே தெரியாத குகைக்குள் வௌவால் எப்படி மாலையை அறிகிறது என்பது அவருடைய கேள்வி. அந்த அனுபவத்தோடு அவர் ஜக்கூருக்கு வந்தார். அங்கே அவர் கண்முன் இருந்தது, இரவையே அறியாத ஒரு வம்சம். போன ஊரெல்லாம் அணையாத விளக்கு. கணக்குப் பார்த்தால் அறுநூறு தலைமுறை. மனிதருக்கு அறுநூறு தலைமுறை என்றால் பதினைந்தாயிரம் ஆண்டு. நெல் விதைக்கக் கற்பதற்கும் முன்பிருந்து இன்று வரை தொடர்ந்து பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் பழ ஈ கூட்டிலிருந்து வெளிவருவது பெரும்பாலும் விடியலில். புதிதாக வந்த ஈயின் தோல் மெலிது, சிறகு கசங்கிச் சுருண்டிருக்கும். வெயில் ஏறுவதற்குள், காற்றில் ஈரம் இருக்கும்போதே அது விரிந்து காய வேண்டும். பனித்துளியை விரும்புவது என்ற பெயருக்கு ஏற்ற வழக்கம். ஆனால் எப்போதும் ஒளி, எப்போதும் ஈரம் நிறைந்த அறையில் விடியலுக்கு என்ன வேலை? அங்கே ஜேபி ஈக்கள் நாளின் எல்லா நேரத்திலும் வெளிவந்துகொண்டிருந்தன. பயன்படாத உறுப்பு தேய்ந்துபோகும் என்பார்கள். குகை மீன்கள் கண்ணை இழந்தன. இந்த ஈக்களின் கடிகாரமும் தேய்ந்து போயிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

வாசு ஷீபா, விஜய் குமார் சர்மா, சந்திரசேகரன், ஜோஷி நால்வரும் அந்த ஈக்களின் முட்டைகளில் சிலவற்றை எடுத்து, விளக்கு எரிந்து அணையும் அறையில் வைத்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் ஒளி, பன்னிரண்டு மணி நேரம் இருள். வேறு சிலவற்றை முழு இருட்டில் வைத்தார்கள். பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை, நாள்கணக்கில், எத்தனை ஈ வெளிவந்தது என்று எண்ணினார்கள். 1999ல் அந்தச் சிறிய கட்டுரை ஜெர்மனியின் நாச்சுர்விஸன்ஷாஃப்டன் இதழில் வந்தது.

இரவு கிடைத்த அறையில், விளக்கு எரியும் நேரத்தை ஒட்டி ஈக்கள் அலையலையாக வெளிவந்தன. முழு இருட்டு அறையிலும், ஒளி வந்து எழுப்ப ஆளில்லாத நிலையில், ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை ஒரு அலை.